இந்த வீட்டுக்குக் குவே வேண்டாம்

கீலுங்
ஜனவரி 8, 1987

பி ஹோவுக்கு,

இன்று காலை பக்கத்து வீட்டு ஆ ஹோங் வந்தாள். எந்த நாளும் கேட்காமலே உள்ளே வந்து, என் தேநீரைக் குடித்துவிட்டு, அதில் ருசியே இல்லை என்று சொல்லிப் போகிறவள். இன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். குரலையும் எங்கேயோ கடன் வாங்கி வந்ததுபோல் மெதுவாகப் பேசினாள்.

"இந்த வருஷம் நீ அரிசி ஊறப்போட வேண்டாம், சியூ யுன். குவே நாங்க கொண்டு வர்றோம்."

"ஏன், என் கைக்கு என்ன வந்துது?"

"கைக்கு ஒண்ணும் வரலை. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

வழக்கம் எனக்கும் தெரியும். சாவு விழுந்த வீட்டில் சந்திரப் புத்தாண்டுக்கு அரிசி மாவுக் குவே வேக வைக்கக் கூடாது. உறவும் தெருவும்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நானே எத்தனையோ வீடுகளுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் இந்த வீட்டில் யாரும் சாகவில்லை. செப்டம்பரில் கடலுக்குப் போன உன் அண்ணன் இன்னும் திரும்பவில்லை, அவ்வளவுதான். படகு கவிழ்ந்து மிதந்ததைப் பார்த்தார்கள். கூடப் போன மூன்று பேரைப் பாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அவரைக் கொண்டுவரவில்லை. கொண்டுவராத ஆளுக்கு நான் எப்படித் துக்கம் காப்பது?

யார் சொல்லி வந்தாய் என்று கேட்டேன். ஆ ஹோங்குக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும். சிவந்தது.

"தைச்சுங்லேர்ந்து போன் வந்துது."

தைச்சுங்கில் உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

நீ பேசினால் நான் போனை வைத்துவிடுகிறேன் என்று என் தெருவுக்கே போன் போட ஆரம்பித்திருக்கிறாய். வைக்கத்தான் செய்வேன். எடுத்ததும் அழுகிறாய். எதற்கு அழுகிறாய் என்று கேட்டால் அதற்கும் அழுகிறாய். இனிமேல் சொல்ல வேண்டியதை எழுது. காகிதத்தில் அழுதால் எனக்குக் கேட்காது.

இந்த வீட்டுக்குக் குவே வேண்டாம் என்று ஆ ஹோங்கிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கிறாள். அந்தச் சாய்ந்த தலையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சியூ யுன்


தைச்சுங்
ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

ஆமாம், நான்தான் போன் செய்தேன். மறைக்கவில்லை. ஆ ஹோங் அக்கா சொல்லிவிடுவார் என்று தெரிந்துதான் செய்தேன்.

பிறந்த வீட்டில் துக்கம் என்றால் முதல் குவே கட்டிக்கொடுத்த பெண் கையிலிருந்து வர வேண்டும். இது நான் கண்டுபிடித்த வழக்கமில்லை. நீங்களே உங்கள் அப்பா இறந்த வருஷம் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள், அண்ணன் கூடவே வந்து ரயிலில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த வருஷம் நான் வருகிறேன் என்று சொன்னால் நீங்கள் வராதே என்கிறீர்கள். நான் வர முடியாவிட்டால் தெருவாவது செய்யட்டும் என்று நினைத்தேன். அது தப்பா?

அண்ணி, எனக்கு இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நேற்று கடையில் ஆணியும் போல்ட்டும் எடை போட்டுக்கொண்டிருக்கிறேன். வாடிக்கையாளர் மூன்று பேர் நிற்கிறார்கள். மாமியார் உள்ளேயிருந்து வந்து எல்லார் முன்னாலும் கேட்கிறார்: "உன் அம்மா வீடு துக்க வீடா, இல்லையா? இந்த வருஷம் உன்னைக் குவே வேகற கூடைக்கிட்ட விடலாமா, கூடாதா? ஒரு முடிவு சொல்லு, நான் அரிசி வாங்கணும்."

தெரியலை அத்தை என்றேன்.

"அண்ணன் இருக்கானா போயிட்டானான்னு தங்கச்சிக்கே தெரியலையாம்," என்று வாடிக்கையாளரிடம் சொன்னார். அந்த ஆள் பாவம், கதவுக் கீல் வாங்க வந்தவர், கீலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மாமியார் கெட்டவர் இல்லை. அவருக்கு அரிசி வாங்க வேண்டும்.

துறைமுகத்தில் அன்றைக்கு என்னிடம் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "நீ அழுதா அவர் செத்துட்டார்னு ஆயிடும், வாயை மூடு" என்றீர்கள். மூடினேன். நான்கு மாதமாக மூடித்தான் வைத்திருக்கிறேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். தண்ணீர்க் கட்டணம் ஏன் ஏறுகிறது என்று அதற்கும் விசாரணை. உங்களுக்கு அவர் கணவர். எனக்கு அவரை விட்டால் பிறந்த வீடே இல்லை. நீங்கள் அவரைச் சாக விடாததால் நான் அழவும் முடியாமல் நிற்கிறேன்.

29ஆம் தேதி புத்தாண்டு பிறப்பதற்குள் கடற்கரையில் அவர் சட்டையை வைத்து ஆவியைக் கூப்பிட்டுவிடலாம். கோயில் பூசாரியிடம் கேட்டேன், செய்யலாம் என்கிறார். கூப்பிடாவிட்டால் அவர் எங்கே இருப்பார் அண்ணி, இந்தக் குளிரில்?

கோபப்படாதீர்கள். பட்டாலும் எழுதுங்கள்.

பி ஹோ


கீலுங்
ஜனவரி 14

பி ஹோவுக்கு,

கோபப்பட்டேன். எழுதுகிறேன்.

பூசாரியைக் கேட்டாயாம். என்னைக் கேட்டாயா? குளிரில் எங்கே இருப்பார் என்று எழுதியிருக்கிறாய். ஏதாவது கப்பலில் இருப்பார். ஜப்பான்காரன் கப்பல் ஒருவனைத் தூக்கிக்கொண்டு போய் ஏழெட்டு மாதம் கழித்து அவன் வீட்டு வாசலில் வந்து நின்ற கதையை இந்தத் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவன் பெண்டாட்டி அதற்குள் எல்லாச் சடங்கும் முடித்திருந்தாள். வந்தவனைப் பார்த்து மயங்கி விழுந்தாள். நான் மயங்கி விழுகிற ஆள் இல்லை.

நேற்று குவேக்கு ஒட்டரிசி வாங்கிவிட்டேன். சர்க்கரையும் வாங்கினேன். பிறகு வாசலில் ஒட்டச் சிவப்புக் காகிதம் வாங்கப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார்.

"வீட்டுக்கா?" என்றார்.

"இல்லை, திங்கறதுக்கு."

கொடுத்தார். வாங்கிவந்து, ஊரில் ஒருத்தரும் ஒட்டுவதற்கு முன்னால், மழையிலேயே ஒட்டினேன். சாயம் வழிந்து கதவெல்லாம் சிவப்பாகிவிட்டது. பார்த்தால் யாரோ பன்றி வெட்டிய மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். துக்க வீட்டில் சிவப்பு ஒட்ட மாட்டார்கள். இந்த வீட்டில் ஒட்டியிருக்கிறது. தெரு பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் தெரு எதைப் பார்த்தாலும் நிறுத்துவதாயில்லை. குவே வேண்டாம் என்றேன் இல்லையா, குவே தவிர மற்றதெல்லாம் வருகிறது. கதவைத் திறந்தால் முட்டைக்கோஸ் தொங்குகிறது. நான் சொல்லாமலே எரிவாயு உருளையை மாற்றி வைத்திருக்கிறார்கள். ஐஸ் கம்பெனிக்காரர் சம்சாரம் ஏணியோடு ஆளைக் கூட்டிவந்து, கீழே நின்று என் கூரையைச் சரிசெய்ய வைத்தாள். ஒழுகுகிறது என்று நான் சொன்னேனா? ஒழுகியது, அது வேறு விஷயம்.

வேலையிலும் இதே கதை. மீன் தரம் பிரிக்கிற மேசையில் இத்தனை வருஷமாக என்னைத் திட்டாத ஏலக்காரன் கிடையாது. இப்போது ஒருத்தனும் திட்ட மாட்டேன் என்கிறான். போன வாரம் ஒரு பெட்டி கானாங்கெளுத்தியை வேண்டுமென்றே தப்பான வரிசையில் போட்டேன். "பரவாயில்லக்கா, நாங்க மாத்திக்கறோம்" என்கிறான். மீன்காரி என்னிடம் பேரம் பேச மாட்டேன் என்கிறாள். பாதி விலை சொன்னேன், சரி என்றாள். கால் விலை சொன்னேன், அதற்கும் சரி என்றாள். "எதையாவது சொல்லித் தொலையேன்டி" என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு மீனைப் போட்டாள்.

உயிரோடு இருக்கிறவளை இப்படிப் பஞ்சு வைத்துச் சுற்றினால் மூச்சு முட்டாதா?

உன் மாமியாரிடம் சொல்: துக்க வீடு இல்லை. அரிசி வாங்கட்டும்.

சியூ யுன்


தைச்சுங்
ஜனவரி 17

அண்ணிக்கு,

சொன்னேன். "உன் அண்ணி சொல்றாளா, நீ சொல்றியா?" என்று மாமியார் கேட்டார். அவர் அரிசி வாங்கவில்லை.

சிவப்புக் காகிதம் ஒட்டியதை ஆ ஹோங் அக்காவும் சொன்னார். ஆமாம், மறுபடி பேசினேன், திட்டுங்கள். அவரிடம் நான் ஒன்றுதான் கேட்டேன்: நான் என்ன செய்ய, எது சொன்னாலும் அண்ணி எகிறுகிறாரே. அவர் சொன்னார்: "எதிர்த்து எதிர்த்துச் சொல்லி நாங்களும் அலுத்துட்டோம். இனிமே அவ சொல்றதையே எடுத்துக்கறோம்."

என்ன அர்த்தம் என்று கேட்டேன். மீன் வண்டி வந்துவிட்டது என்று வைத்துவிட்டார். உங்கள் தெருவில் எல்லாருக்கும் போனை வைக்கத்தான் தெரிகிறது.

அண்ணி, நான் ஒரு தடவை கேட்கிறேன், இனி கேட்க மாட்டேன். அண்ணன் திரும்பி வருவார் என்று நிஜமாகவே நம்புகிறீர்களா, அல்லது வரமாட்டார் என்று முதலில் சொல்கிற ஆளாக நீங்கள் இருக்கக் கூடாது என்று பார்க்கிறீர்களா? முதலாவது என்றால் நானும் உங்களோடு காத்திருக்கிறேன், சத்தியமாக. இரண்டாவது என்றால் நான் சொல்லிவிடுகிறேன், பழி என் மேல் இருக்கட்டும்.

பதில் வராவிட்டால் ரயிலேறி வருவேன். கதவைத் திறக்காவிட்டால் அந்தச் சாயம் வழிந்த கதவு முன்னால் நிற்பேன். நனைந்து காய்ச்சல் வந்தால் உங்கள் செலவு.

பி ஹோ


கீலுங்
ஜனவரி 23
விரைவுத் தபால்

பி ஹோவுக்கு,

உன் கேள்விக்கு அன்றைக்கே பதில் எழுதினேன். நன்றாகத் திட்டித்தான் எழுதினேன். அனுப்பவில்லை. இன்று நடந்ததை எழுதுகிறேன், அதில் இருக்கிறதா பார்.

காலையில் வருஷக் கடைசிப் பூசை செய்து அடுப்புச் சாமியை வானத்துக்கு அனுப்பினேன். இனி குவே வேக வைக்கலாம். நேற்று ஊறவைத்த அரிசியை மாவு மில்லுக்குக் கொண்டுபோக வாளியை எடுத்தேன். கதவு தட்டாமல் திறந்தது. ஆ ஹோங், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, மாவுப் பானையோடு நிற்கிறாள். பின்னால் தெருவே நிற்கிறது, ஆளுக்கொரு பானை, அண்டா.

"அடுப்பு பத்த வெச்சாச்சா?" என்கிறாள்.

"என்னடி இது?"

"என்னன்னா? வருஷா வருஷம் இங்கதான வேக வைக்கிறோம். உன் கூடைதான பெருசு. எங்க கூடையில வெச்சா நாலு நாள் ஆகும்."

"குவே கொண்டு வர்றேன்னு சொன்னவ, மாவு கொண்டு வந்திருக்கே?"

"நீதான சொன்னே, இது துக்க வீடு இல்லன்னு. சரின்னுட்டோம். துக்க வீடு இல்லன்னா அப்புறம் வேற எங்க போய் வேக வைக்கறது? தள்ளு, கை வலிக்குது."

தள்ளினேன். உள்ளே வந்தாள். தேநீரை எடுத்துக் குடித்தாள், முகத்தைச் சுளித்தாள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உனக்குச் சொல்ல முடியாது. ஐஸ் கம்பெனிக்காரர் சம்சாரம் மட்டும் வாசலைத் தாண்டவில்லை. "எனக்கு முட்டி வலி, நான் இங்கயே நிக்கறேன்," என்றாள். அன்றைக்கு ஏணிக்குக் கீழே நின்று அதிகாரம் செய்த முட்டி. அவளுடைய மகன் ஆ ஹோங் வீட்டுக்காரர் படகில் போகிறான். புத்தாண்டு நாலாம் நாள் கிளம்புகிறார்கள்.

அடுப்பைப் பற்றவைத்தேன். அண்டாவில் தண்ணீர் கொதித்தது. கூடையில் துணி விரித்தேன். கொதி வந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். உனக்குத் தெரியும், குவே கூடைக்குப் பக்கத்தில் வெந்ததா வேகலையா என்றுகூடக் கேட்கக் கூடாது. சாவு வீட்டு ஆள் கிட்டே வந்தால் குவே வேகாது, வேகாவிட்டால் அந்த வருஷம் மாவு கொண்டுவந்த வீட்டுக்கு ஆகாது. கடலுக்குப் போகிற வீடுகளில் இதை யாரும் சிரிப்புக்குச் சொல்வதில்லை.

ஆ ஹோங் முதல் தட்டை என்னிடம் நீட்டினாள். அது அவள் வீட்டு மாவு. வாங்கக் கை நீட்டினேன். தட்டு ஆடியது. என் கைதான் ஆடுகிறது என்று நினைத்தேன். நான் இன்னும் பிடிக்கவே இல்லை, பி ஹோ. ஆடியது அவள் கை.

அவள் முகத்தைப் பார்த்தேன். உன் அண்ணன் திரும்பி வருவார் என்று அவள் நம்பவில்லை. ஒரு நாளும் நம்பியதில்லை. நம்பாமலேதான் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போகப்போகிற வருஷத்தை என் கையில் கொடுக்கிறாள், நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக.

"வேண்டாம்," என்றேன். "எடுத்துட்டுப் போ."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"நீதான சொன்னே..."

"நான் ஆயிரம் சொல்வேன். உன் வீட்டுக்காரர் நாலாம் நாள் கடலுக்குப் போகணும்டி."

தண்ணீர் மட்டும் கொதித்தது. ஆ ஹோங் தட்டைத் தரையில் வைத்தாள், தானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அடுப்பை அணைத்தேன். அணைத்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

முதலில் அசைந்தவள் ஐஸ் கம்பெனிக்காரர் சம்சாரம். முட்டி வலியோடு வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். என் அரிசி வாளியைத் தூக்கிக்கொண்டாள். இன்னொருத்தி என் கூடையை எடுத்தாள். "நாளைக்குத் தர்றோம்," என்று ஆ ஹோங் சொன்னாள், அவ்வளவுதான். என் சமையலறையைக் கொள்ளையடித்துக்கொண்டு எல்லாரும் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் என் அரிசியில் எனக்குக் குவே வேக வைப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன். கொஞ்சம் இல்லை.

சியூ யுன்


தைச்சுங்
ஜனவரி 24
விரைவுத் தபால்

அண்ணி,

கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். மாமியார் என் முகத்தைப் பார்த்ததும் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, பேரம் பேசிக்கொண்டிருந்த ஆளைக் கையைப் பிடித்து வெளியே விட்டார். பிறகு என்னை உட்காரவைத்து, "இப்ப அழு, குழாய் வேண்டாம்," என்றார். அவருக்கு எப்போதிலிருந்தோ தெரிந்திருக்கிறது.

சாயந்திரம் அவரே அரிசி வாங்கி வந்தார். துக்கத்தில் இருக்கிற நான் கூடையைத் தொடக் கூடாது இல்லையா, நான் கொண்டுபோக வேண்டிய குவேயை அவரே வேக வைக்கிறார். "சர்க்கரை கம்மியாப் போட்டா கீலுங்காரங்க ஏதாவது சொல்வாங்க," என்று கையளவு கூட்டிப் போட்டிருக்கிறார். எப்படியும் நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று நான் சொல்லவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். ஆ ஹோங் அக்கா வேண்டுமென்றே அப்படிச் செய்தாரா? நீங்கள் வேண்டாம் என்று சொல்லத்தான் கொண்டுவந்தாரா?

எப்போது வரட்டும்? வரலாமா?

பி ஹோ


கீலுங்
ஜனவரி 25
விரைவுத் தபால்

பி ஹோவுக்கு,

கேட்டுப் பார்த்தேன். "உனக்கு அவ்வளவு மூளை இருக்கா, இல்லையா?" என்றே கேட்டேன். "எனக்கு மூளை இருந்தா உன் பக்கத்து வீட்டுல இருப்பேனா?" என்றாள். காது சிவக்கவில்லை. நான் தட்டை வாங்கியிருந்தால் அவள் கொடுத்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். இந்தத் தெருக்காரிகளுக்குப் புத்தி கிடையாது.

சிவப்புக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். சாயம் போகவில்லை. தேய்க்கச் சொல்லி, கூரை பார்த்த ஐஸ் கம்பெனி ஆளுக்கு ஒரு நாள் வேலை வைத்தேன்.

குவே வந்து குவிகிறது. இனிப்பு, முள்ளங்கி போட்டது, கருப்புச் சர்க்கரை போட்டது. தையல் மெஷின் மேல், படுக்கையில், உன் அண்ணன் நாற்காலியில் எல்லாம் குவே. ஒற்றை ஆள் நான், யானை வளர்க்கிறேன் என்று நினைத்தார்களா? ஒருத்தியிடம் போதும் என்றேன். "நாங்க வந்து உக்காந்து சேர்ந்து தின்னுக்கறோம், உனக்கென்ன," என்கிறாள். உட்கார்ந்தும்விட்டாள். இப்போதும் என் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறாள். துக்க வீட்டு ஆள் புத்தாண்டில் யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்பதால் யாரும் என்னைக் கூப்பிட முடியாது. அதனால் அவர்களே முறை வைத்துக்கொண்டு இங்கே வருகிறார்கள். நல்லவேளையாகத் தலையை யாரும் சாய்ப்பதில்லை. மீன்காரி நேற்று என்னிடம் முழு விலை வாங்கினாள்.

27ஆம் தேதி காலை ரயிலில் வா. உன் மாமியார் செய்ததைக் கொண்டுவா, சர்க்கரை கூடுதலோ குறைவோ நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மதியம் உன் அண்ணனைக் கூப்பிட அலைதடுப்புக்கு அந்தப் பக்கம் போகிறோம். பூசாரியிடம் பேசிவிட்டேன். உன் அண்ணன் போன வருஷம் போட்டிருந்த சாம்பல் நிறச் சட்டையை எடுத்து வைத்திருக்கிறேன்.

பூசாரி அவருடைய முழுப் பெயரை, பிறந்த தேதியை, விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டார். குடும்பப் பெயரோடு சேர்த்து "தான் தியாம் ஹோக்" என்று மூன்று முறை கூப்பிடுவாராம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தப் பெயரில் அவரை வரி ஆபீஸைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை. அப்படிக் கூப்பிட்டால் அவர் தண்ணீருக்குள் இன்னும் ஆழமாகப் போய் ஒளிந்துகொள்வார். நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, "ஏய்" என்றுதான் கூப்பிடுவேன். கடலில் ஏய் என்றால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்?

அதனால் நீ கூப்பிடு. சின்ன வயதில் அவரை எருமை என்று கூப்பிட்டு அடி வாங்குவாயாமே, அந்தப் பெயரில் கூப்பிடு. பூசாரி முறைத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். பலமாகக் கூப்பிடு, அவருக்கு இடது காது மந்தம்.

சியூ யுன்